தொல்லுரிமையும் பொதுவீதியும்

இலங்கையில் துப்பாக்கி வைத்திருத்தல் பிறப்புரிமையன்று. 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டப்படி அரசு வழங்கும் அனுமதியேயாகும். அமெரிக்க ஐக்கிய நாடுகளிலோ, 1791இல் அரசியலமைப்பிற் சேர்ந்த இரண்டாந் திருத்தம் ஆயுதந் தாங்குதலை உரிமையெனக் கூறுகின்றது. சிறப்புத் தேவையை மெய்ப்பித்தோர்க்கே கைத்துப்பாக்கியை வெளியில் எடுத்துச்செல்ல உரிமம் என்ற நியூயோர்க் விதியை, அந்நாட்டு உயர் நீதிமன்றம் 2022இல் புரூயன் வழக்கில் நீக்கிற்று. ஆயுதக் கட்டுப்பாடு வரலாற்று மரபோடு பொருந்துதல் வேண்டும் என்பதே அதன் அளவுகோல்.

பழைய உரிமை பிற்காலச் சட்டத்தை வெல்லுமோ? இவ்வினா கண்டிப் பகுதியிலும் எழுந்ததுண்டு. அது துப்பாக்கி பற்றியதன்று; வீதியில் எழும் மேளவொலி பற்றியது. கம்பளை வல்லஹகொட தேவாலயத்தார், பள்ளிவாசலைக் கடந்து வாத்தியத்துடன் பெரஹரா செல்லும் உரிமையை 1815ஆம் ஆண்டுக் கண்டி உடன்படிக்கையின் 5ஆம் பிரிவைக் காட்டிக் கோரினர். 1914இல் கண்டி மாவட்ட நீதிமன்றம் அதனை ஏற்றது. 1915 பெப்ரவரியில் உயர் நீதிமன்றமோ, பின்வந்த கட்டளைச் சட்டங்களுக்கு அவ்வுரிமை அடங்கியதே எனத் தீர்ப்பை மாற்றியது. அவ்வாண்டு மே மாதம் கண்டியிற் கலவரம் மூண்டு பிற இடங்களுக்கும் பரவியது.

ஒரு மன்றம் மரபை அளவுகோலாக்கியது; மற்றது பின்வந்த சட்டத்தை மேலாக்கியது. ஆயின், வீதி பலர்க்கும் பொது. அங்கு ஒருவரது உரிமை மற்றவரது அச்சமாகாதவாறு காப்பது தீர்ப்பு மட்டுமன்று. அயலாரிடை நிலவும் நம்பிக்கையுமாம்.