நோயைச் சொல்ல நம் மொழி, கேட்க நம் பிள்ளைகள்



சுகாதாரத்தில் சமத்துவம் வேண்டும் என்று இப்போது கூட்டங்களில் அடிக்கடி பேசுகிறார்கள். அது என்ன என்பதை நம்முடைய கணக்கிலேயே பார்ப்போம். காலை 8 மணி முதல் 12 மணி வரை கிளினிக், யாரும் வரலாம் என்று ஒரு அறிவித்தல் ஒட்டப்படுகிறது. கேட்பதற்கு எல்லோருக்கும் ஒரே சட்டம். டவுனில் இருப்பவர் நடந்து வந்து மருந்து வாங்கிப் போவார். மலையில் கொழுந்தெடுக்கிற அக்கா வந்தால் அன்றைய பேர் போய்விடும். எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கொடுப்பது சமம். அவரவர் நிலைமைக்குத் தக்க கொடுப்பதுதான் நியாயம்.

2016-ஆம் ஆண்டு இலங்கையில் எடுத்த குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, 5 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் 100-க்கு 17 பேர். தோட்டங்களில் 100-க்கு 32 பேர். இது தலையெழுத்து இல்லை, காரணம் இருக்கிறது. 1872-லும் 1912-லும் வந்த மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டங்களின் கீழ் தொழிலாளிக்கு வைத்தியம் பார்ப்பது பெரும்பாலும் தோட்டத்தின் பொறுப்பாகவே இருந்தது. 1948-இல் பிரஜாவுரிமையும் பறிபோனது. உரிமை கேட்க வாக்கு இல்லாதவர்களை யார் கணக்கில் எடுப்பார்கள்? மிச்சம் இருந்தவர்களுக்கு 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் பிரஜாவுரிமை கிடைத்தது.

அடுத்தது மொழி. "நெஞ்சு கரிக்குது", "நெஞ்சு அடைக்குது", "நெஞ்சு குத்துது" என்று நாம் சொல்வது மூன்று விதமான வருத்தம். தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் மூன்றையும் "பப்புவ ரிதெனவா" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டால் டொக்டர் எதை என்று பார்ப்பார்? அம்மாவின் கர்ப்பப்பை வருத்தத்தைப் பள்ளிக்கூடம் போகிற மகன் மொழிபெயர்க்க வேண்டி வந்தால், அம்மா பாதியை விழுங்கிவிடுவார். விளங்காத தாளில் கையெழுத்து வைத்து ஒப்பரேஷனுக்குப் போவதும் நடக்கிறது. இதற்காகச் சிங்கள டொக்டர்மாரைக் குறை சொல்லக்கூடாது. தமிழ் படித்து அன்பாகப் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் நோயாளிகளில் எத்தனை வகை மக்கள் உண்டோ, வைத்தியம் பார்க்கிறவர்களிலும் அத்தனை வகை இருக்க வேண்டும்.

இது புதுப் பேச்சும் இல்லை. 1847-இல் அமெரிக்காவிலிருந்து யாழ்ப்பாணம் வந்த டொக்டர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு வைத்தியம் படிப்பித்தார். முதலில் ஆங்கிலத்தில், பிறகு தமிழிலேயே. வைத்திய நூல்களையும் தமிழுக்குக் கொண்டுவந்தார். கிராமத்தில் பிறந்து கிராமத்தின் பேச்சைப் பேசுகிறவன்தான் கிராமத்தில் நின்று வைத்தியம் பார்ப்பான் என்பதே அதன் பயன்.

நான் இதை எழுதுவது மட்டக்களப்பு வாவிப் பக்கத்தில் உள்ள தன்னாமுனையில் இருந்து. இங்கிருந்து மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குப் போகிற கிழவி தன் வருத்தத்தைத் தன் பேச்சிலேயே சொல்கிறார். அங்கே தாதிமாரும் டொக்டர்மாரும் பெரும்பாலும் தமிழ் பேசுகிறவர்கள். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுகாதாரப் பராமரிப்பு விஞ்ஞானங்கள் பீடமும் இதே மாவட்டத்தில்தான் இருக்கிறது. வைத்தியமும் தாதியியலும் அங்கே படிப்பிக்கிறார்கள். மலைநாட்டுப் பிள்ளைகளும் அங்கே போய்ப் படிக்கலாம்.

எப்படிப் போவது? பல்கலைக்கழக வைத்திய பீடங்களுக்கு 100 இடம் என்றால், 40 இடம் நாடு முழுவதற்குமான புள்ளி வரிசைப்படி. 55 இடம் மாவட்டங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்படும். 5 இடம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாக. நுவரெலியா, பதுளை, இரத்தினபுரி, மட்டக்களப்பு எல்லாம் அந்தப் பின்தங்கிய பட்டியலில் உள்ளவை. இது பிச்சை இல்லை. மேலே சொன்ன நியாயம் இதுதான். ஆனால் உயர்தரத்தில் உயிரியல் விஞ்ஞானம் படித்தால்தான் இந்தக் கதவு திறக்கும். தமிழில் அது படிப்பிக்கிற பாடசாலைகள் மலையகத்தில் குறைவு. ஆகவே சாதாரண தரம் எழுதும் முன்பே அதிபரிடம் போய் விசாரியுங்கள். "பொம்பளப் பிள்ளைக்கு இவ்வளவு போதும்" என்று நிறுத்தாதீர்கள். தாதி, குடும்ப சுகாதார உத்தியோகத்தர், மருந்தாளர் பயிற்சிகளுக்கு அரச வர்த்தமானியில் விண்ணப்பம் கோருவார்கள். சேமநலக் காரியாலயத்தில் கேட்டால் படிவம் நிரப்ப உதவி கிடைக்கும்.

பிள்ளைகள் படித்து வரும்வரை நாம் செய்ய வேண்டியவை:

1. அரச வைத்தியசாலையில் தமிழில் பேசுவதும் தமிழில் பதில் பெறுவதும் அரசியலமைப்பு தந்த உரிமை. மறுத்தால் 1991-ஆம் ஆண்டுச் சட்டத்தில் உருவான அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு எழுதலாம்.

2. விளங்காத தாளில் கையெழுத்து வைக்க வேண்டாம். தமிழில் விளக்கச் சொல்லி மரியாதையாகக் கேளுங்கள்.

3. பெண்களின் வருத்தத்துக்குப் பிள்ளையைக் கூட்டிப் போகாமல், மொழி தெரிந்த ஒரு பெண்ணைக் கூட்டிப் போங்கள்.

4. அவசரம் என்றால் 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். அந்த அம்புலன்ஸுக்குக் காசு இல்லை.

கொழுந்து நிறுக்கும் தராசு சரியாக இருக்க வேண்டும் என்று சண்டை பிடிக்கிறோம். வைத்தியத்தின் தராசும் சரியாக இருக்க வேண்டும் என்று கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.