மன்னிக்கும் உரிமை யாருக்கு?

ஏலமலை அடிவாரத்தில், போடிநாயக்கனூரை அடுத்து உள்ளது பொட்டிபுரம். அங்கே தெருவில் மேய்ந்த ஒரு பாட்டியின் 4 கோழிகள் திருட்டுப் போகின்றன என்று வைத்துக் கொள்வோம்.

திருடியவன் அடுத்த தெருப் பையன். வயது 19. இதுதான் முதல் தடவை.

பாட்டி போலீஸ் நிலையம் போகிறாள். பையனின் தாய் பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு பின்னாலேயே ஓடி வருகிறாள்.

"என் பிள்ளையை மன்னிச்சிடு, ஆத்தா!" என்று அழுகிறாள்.

மன்னிக்க வேண்டியவர் யார்? போலீசாரா? இல்லை, பாட்டிதான்!

சாதாரணத் திருட்டு வழக்கில் சமரசம் செய்யும் உரிமையைச் சட்டம் பொருளின் சொந்தக்காரருக்கே கொடுத்திருக்கிறது. சமரசம் ஆனால், பையன் விடுதலை.

பாட்டி சம்மதிக்காவிட்டால்? அதற்கும் வழி உண்டு. 2024 ஜூலை 1-ந் தேதி புதிய தண்டனைச் சட்டம் அமலுக்கு வந்தது. திருட்டுப்போன பொருளின் மதிப்பு 5 ஆயிரம் ரூபாய்க்குக் குறைவு. குற்றவாளிக்கு அது முதல் குற்றம். பொருளையோ பணத்தையோ திருப்பிக் கொடுத்துவிட்டான். அப்படியானால் கோர்ட்டு விதிக்கும் தண்டனை ஜெயில் அல்ல, சமூக சேவை.

இங்கிலாந்தில் இத்தகைய சிறு குற்றங்களைப் போலீசாரே கோர்ட்டுக்கு வெளியே தீர்க்கும் முறை உண்டு. குற்றவாளி தவறை ஒப்புக்கொள்ள வேண்டும். பறிகொடுத்தவரின் விருப்பமும் கேட்கப்படும்.

ஆனால் ஒன்று. "பேசி முடித்துக்கொள்" என்று பாட்டியை யாரும் மிரட்டக் கூடாது. மனு கொடுத்ததும் 'சி.எஸ்.ஆர்.' என்னும் ரசீதை அவள் கேட்டு வாங்க வேண்டும்.

பணம் வந்தால் வேறு கோழி வாங்கலாம். பயந்து கொடுத்த மன்னிப்பால் நிம்மதி வருமா?