மேசைமேல் ஒரு படை

ஓர் அங்குலத்தைச் சற்றே தாண்டிய உயரமுள்ள உலோக வீரன் ஒருவனுக்கு வண்ணம் தீட்ட எவ்வளவு நேரம் ஆகும்? எனக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகிறது. அத்தகைய வீரர் இருபத்து நால்வரைச் சென்ற விடுமுறையில் தீட்டி முடித்தேன். "பரீட்சைக்குப் படிக்காமல் பொம்மைக்குச் சாயம் பூசுகிறாயே!" என்று விடுதி நண்பர்கள் கேலி செய்தார்கள். அவர்களுக்கு விடையாகவும், இக்கலையைப் பற்றிக் கேள்விப்படாத ஏனையோருக்கு அறிமுகமாகவும் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

மேசைப் போர் என்பது என்ன? சதுரங்கம் நமக்குப் புதிதன்று. நால்வகைப் படையையும் ஒரு பலகையில் அடக்கியது அது. ஆனால் சதுரங்கப் பலகையில் ஆறு இல்லை, மேடு இல்லை, சேறு இல்லை. பிரஷ்ய நாட்டைச் சேர்ந்த ரைஸ்விட்ஸ் என்பவர், நிலத்தின் மேடு பள்ளங்களோடு கூடிய போர் விளையாட்டு ஒன்றை 1812-இல் தம் அரசருக்குக் காட்டினார். அவருடைய மகன் 1824-இல் அதற்கு விதிகள் வகுத்து வெளியிட்டார். படை அதிகாரிகள் அதைப் பயிற்சியாகவே ஆடினார்கள். பின்னர் 1913-இல் ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ், ஈய வீரர்களையும் விசைப் பீரங்கிகளையும் கொண்டு வீட்டிலேயே ஆடும் முறையை 'லிட்டில் வார்ஸ்' என்னும் நூலில் விளக்கினார். இச்சிறு போரை ஆடிப் பார்த்தவன் பெரும் போர் எத்தகைய மடமை என்பதை உணர்வான் என்பது அவர் கருத்து. உலகம் உணரவில்லை; மறு ஆண்டே முதல் உலகப் போர் மூண்டது.

இன்று பலரும் ஆடும் முறையில் மேசையே போர்க்களம். அளவு நாடாவால் தூரத்தை அளந்து படைகளை நகர்த்துவார்கள். சுட்ட குண்டு பட்டதா என்பதைப் பகடை சொல்லும். ஒரு பொம்மை ஒரு வீரனைக் குறிப்பதில்லை. இருபது பேரையோ அதற்கு மேற்பட்டோரையோ குறிக்கும். ஆகவே இருபத்து நான்கு பொம்மைகள் சேர்ந்தால் ஏறத்தாழ ஐந்நூறு பேர் கொண்ட ஒரு பட்டாளம் ஆகிவிடும்.

இனித் தீட்டும் முறையைக் காண்போம். அச்சில் வார்த்த பொம்மையின் ஓரங்களில் மெல்லிய கோடு ஒன்று நிற்கும். அதை அரத்தால் தேய்த்து நீக்கி, சவர்க்கார நீரில் பொம்மையைக் கழுவி உலர்த்த வேண்டும். அடுத்து, வண்ணம் பிடிப்பதற்காகச் சாம்பல் அல்லது கறுப்பு நிறத்தில் ஓர் அடிப்பூச்சு. அதன்மேல் சட்டை, கச்சை, துப்பாக்கி ஆகியவற்றுக்கு உரிய நிறங்கள். அக்ரிலிக் வண்ணத்தைப் பால் பதத்துக்கு நீர் கலந்து இருமுறை பூசுவதே நல்லது. ஒரே முறையில் கெட்டியாக அப்பினால் முகத்தில் மூக்கும் வாயும் மறைந்துவிடும்.

பிறகு வருவதுதான் இக்கலையின் உயிர்நாடி. இவ்வளவு சிறிய உருவத்தின் மடிப்புகளில் இயல்பான ஒளி போதிய நிழலை உண்டாக்காது. எனவே நிழலையும் ஒளியையும் நாமே தீட்ட வேண்டும். நீர்த்த கருநிறத்தை மேலே ஓடவிட்டால் அது பள்ளங்களில் தங்கி நிழலாகும். மேடான இடங்களில் வெளிறிய நிறத்தைத் தொட்டு வைத்தால் அது ஒளியாகும். நம் கோயில் கோபுரங்களில் சுதைச் சிற்பத்தின் கண்ணையும் புருவத்தையும் மிகைப்படுத்தித் தீட்டுவதும் தொலைவில் நின்று காண்பவனுக்காக அன்றோ? அதே நியாயம்தான் இங்கும். இறுதியில் வார்னிஷ் பூசி, அடித்தட்டில் மணல் ஒட்டினால் வீரன் களத்துக்கு ஆயத்தம்.

தூரிகையைப் பற்றி ஒரு சொல். கீரி மயிர்த் தூரிகை நம் நாட்டில் ஒரு காலத்தில் பெயர் பெற்றது. ஆனால் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்க் கீரி காக்கப்படும் விலங்கு. அதன் மயிரை விற்பதும் வாங்குவதும் குற்றம். செயற்கை இழைத் தூரிகையே நமக்குப் போதும்.

நான் தீட்டியது எந்தப் படை? 1803 செப்டம்பர் 23 அன்று தக்காணத்தில் அசாயே என்னும் ஊரருகே ஆர்தர் வெல்லெஸ்லி மராட்டியப் படையோடு பொருதார். வாட்டர்லூவில் நெப்போலியனை வென்று புகழ்பெற்ற வெல்லிங்டன் பிரபு இவரே. அசாயேயில் ஆற்றின் இரு கரைகளிலும் எதிரெதிராக இரண்டு ஊர்கள் இருப்பதைக் கண்டு, இடையே இறங்கிக் கடக்கும் துறை ஒன்று இருக்கவேண்டும் என்று அவர் உய்த்துணர்ந்தார். அவ்வழியே படையைக் கடத்தினார். மேசைமேல் அந்த ஆற்றை அமைத்துப் பார்த்தால்தான் அம்முடிவின் துணிவு விளங்கும். வெற்றியின் புகழ் அவருக்குச் சென்றது. ஆனால் அவர் பின்னே ஆற்றைக் கடந்த காலாட்படையில் பல பட்டாளங்கள் சென்னைப் படையைச் சேர்ந்தவை. தமிழரும் தெலுங்கரும், இந்துக்களும் முஸ்லிம்களும் கலந்த படை அது. அவற்றுள் ஒன்றையே நான் தேர்ந்தெடுத்தேன்.

சிவப்புச் சட்டை, மார்பில் குறுக்காக வெள்ளை வார்கள், முழங்காலுக்கு மேலேயே நிற்கும் வெள்ளைச் சிறு காற்சட்டை, தலைப்பாகை: இதுவே அவர்கள் கோலம். சட்டை எளிது, முகந்தான் கடினம். அயல்நாட்டு வண்ணப் புட்டிகளில் 'தசை நிறம்' என்ற பெயரோடு நெடுங்காலமாக வந்தது வெளிர் சிவப்பு. அந்த நிறத்தில் எங்கள் ஊரில் எவரும் இலர்! பழுப்பும் காவியும் கருநீலத்தில் ஒரு துளியும் கலந்து நானே நிறம் கூட்டினேன். இருபத்து நான்கு முகங்களையும் ஒரே நிறத்தில் தீட்டவும் மனம் வரவில்லை. நம் வகுப்பில் இருபத்து நால்வர் ஒரே நிறமா?

அப்போது ஒரு கேள்வி எழுந்தது. இவர்கள் நெற்றியில் திருநீறோ நாமமோ தீட்டலாமா? ஓர் ஊசிமுனை அளவு வெள்ளைதானே, இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். அசாயே நடந்து மூன்று ஆண்டுகளில் அந்த வெள்ளைக்காகவும் இரத்தம் சிந்தியது. சென்னைப் படையின் தலைமைத் தளபதி சர் ஜான் கிரடாக் காலத்தில் புதிய ஒழுங்குகள் வந்தன. உடுப்பு அணிந்திருக்கையில் நெற்றிக் குறியும் காதணியும் கூடா, தாடி கூடாது, தோல் குச்சம் வைத்த, தொப்பியை ஒத்த புதுத் தலைப்பாகையையே அணிய வேண்டும். இந்து, முஸ்லிம் இரு சாராரும் மனம் கொதித்தார்கள். 1806 ஜூலை 10 அன்று விடியுமுன் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தார்கள். கோட்டையில் காவலில் இருந்த திப்புவின் மக்களைச் சுற்றியும் சினம் திரண்டிருந்தது. நூற்றுக்கு மேற்பட்ட ஆங்கில வீரர்கள் மாண்டார்கள். ஆர்க்காட்டிலிருந்து விரைந்து வந்த குதிரைப் படை அன்றே கோட்டையை மீட்டது; நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள். அப்படி வந்த பத்தொன்பதாம் குதிரைப் பட்டாளம், அசாயேயில் சென்னைச் சிப்பாய்களோடு ஒரே அணியில் போரிட்ட அதே பட்டாளம்! பிறகு புதிய ஒழுங்குகள் கைவிடப்பட்டன. ஆளுநர் பென்டிங்கும் கிரடாக்கும் 1807-இல் திரும்ப அழைக்கப்பட்டனர்.

இதை அறிந்தபின் என் விடை எளிதாயிற்று. என் படை 1803-ஆம் ஆண்டுப் படை. தடை அப்போது இல்லை. எனவே சிலர் நெற்றியில் நீறு, சிலர் நெற்றியில் நாமம், சிலர் முகத்தில் தாடி, பழைய தலைப்பாகை எல்லோருக்கும். 1806-ஆம் ஆண்டுப் படையைத் தீட்டுபவன் வேறு விதமாகத் தீட்ட வேண்டும். ஆண்டு மாறினால் வண்ணம் மாறும். வண்ணம் மாறியதற்குள் ஒரு வரலாறு இருக்கும்.

'போரை விளையாட்டாக்கலாமா?' என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. அசாயேயில் வெல்லெஸ்லியின் தரப்பில் மட்டும் இறந்தோரும் காயமுற்றோரும் ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல். அந்த எண்ணைப் புத்தகத்தில் படித்துத் தேர்வில் எழுதிவிட்டு மறந்துவிடுகிறோம். ஒவ்வொரு முகத்துக்கும் இரண்டு மணி நேரம் செலவிட்டவனால் அப்படி மறக்க இயலாது. பகடை உருண்டு ஒரு பொம்மையை மேசையிலிருந்து எடுக்கும்போது, இருபது பேர் போனார்கள் என்று கை அறிகிறது. அதிகாரிகளின் பெயர்களை நூல்கள் காத்து வைத்திருக்கின்றன. சிப்பாய்களோ பெரும்பாலும் எண்ணிக்கையாகவே நிற்கிறார்கள். அவர்களுக்குப் பெயர் தர நம்மால் ஆகாது, முகம் தரலாம்.

நண்பர்களே, தொடங்க விரும்புவோர் பெரும்படை வாங்க வேண்டா. ஆறு பொம்மை, இரண்டு தூரிகை, ஐந்தாறு வண்ணம் போதும். ஆனால் புட்டியைத் திறக்குமுன் நூலகத்துக்குச் செல்லுங்கள். எந்த ஆண்டு, எந்தப் பட்டாளம், எந்த ஊரார் என்று கேளுங்கள். அதன் பிறகு தூரிகையை நனைக்கலாம்.