உங்களுக்குத் தெரியுமா? யூரியா கேட்காத கோழித் தீவனம்

தண்ணீரில் மிதக்கும் அசோலாவுக்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) உரமே வேண்டாம்! இந்தக் குட்டிப் பெரணியின் இலைக்குள் குடியிருக்கும் நீலப்பச்சைப் பாசி, காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தருகிறது. காய்ந்த அசோலாவில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு புரதம்.

● வளைகுடாவில் இதற்கு ஏற்ற காலம் நவம்பர் முதல் மார்ச் வரை. 35 டிகிரியைத் தாண்டினால் வாடத் தொடங்கும். கோடையில் நிழல்வலை போட்டாலும் காப்பாற்றுவது கடினம்.

● வெயிலைவிடப் பெரிய எதிரி உப்பு. ஓமானின் பாத்தினா கரையோரத்தில் நிலத்தடி நீர் உப்பாகிவிட்ட மஸராக்கள் (பண்ணைகள்) பல. அந்தக் கிணற்று நீரில் அசோலா தழைக்காது. கடல்நீரைக் குடிநீராக்கி வரும் குழாய்த் தண்ணீர் நல்லது. குளோரின் வாடை போக ஒரு நாள் திறந்து வையுங்கள்.

● கன்னியாகுமரி விவேகானந்த கேந்திரத்தின் நார்டெப் (இயற்கைவள மேம்பாட்டுத் திட்டம்) பரப்பிய எளிய முறை: 2 மீட்டருக்கு 2 மீட்டர் சில்பாலின் (பிளாஸ்டிக் விரிப்பு) தொட்டி, சலித்த மண் 10–15 கிலோ, சாணம் 2 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 30 கிராம், 10 செ.மீ. தண்ணீர். விதை அசோலா தூவிய இரண்டு வாரத்திலிருந்து தினமும் அரைக் கிலோ அள்ளலாம்.

● பச்சை அசோலாவில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். அரைக் கிலோ காய்ந்தால் 50 கிராம்கூடத் தேறாது. ஆகவே வழக்கமான தீவனத்தோடு சேர்த்துக் கொடுங்கள், தீவனத்துக்குப் பதிலாக அல்ல. சாண வாடை போக அலசியபின் போட்டால்தான் கோழி விரும்பிக் கொத்தும்.