மூடைக்கேற்ற ஸ்பிறிங்: காசில்லாமல் செய்யக்கூடிய ஒரு சீராக்கம்

இடம்பெயர்ந்து வாழும் விவசாயக் குடும்பத்தின் குடிசைக்கும் அதன் வயலுக்கும் இடையே உள்ள தூரத்தைக் கடப்பதற்கு, பெரும்பாலும் ஒரு பழைய மோட்டார் சைக்கிளே துணை. முன்னர் மாட்டுவண்டி செய்த வேலையை இன்று அது செய்கின்றது. விதைநெல், உரமூடை, தண்ணீர்க் கான், சில வேளைகளில் காய்ச்சலில் கிடக்கும் பிள்ளை, யாவும் அதன் பின்சீற்றில்தான். கைமாறி வந்த ஹொண்டா எக்ஸ்எல், யமஹா டிரி போன்ற, மண்பாதைக்கென்றே செய்யப்பட்ட உயரமான வண்டிகளை வைத்திருப்போரும் எம்மத்தியில் உள்ளனர். நல்ல வண்டிகள்தான். ஆயினும் அவற்றின் ஸ்பிறிங் பொதுவாக ஓர் ஆளின் நிறைக்கு ஏற்றபடி வைக்கப்பட்டிருக்கும். அவருக்குப் பின்னால் 50 கிலோ உரமூடையும் ஏறும் என்று எவரும் கணக்கிடவில்லை.

மூடை ஏறியதும் வண்டியின் பின்பக்கம் அமிழ்கின்றது, முன்பக்கம் எழுகின்றது. முன்சில்லு நிலத்தை இலேசாகவே தொடுவதால் ஹாண்டிலைத் திருப்பினாலும் வண்டி உடனே திரும்பாது. இரவில் ஹெட்லைற் பாதையை விட்டு மரக்கொப்பைக் காட்டும். குழியில் விழும்போது சொக் அடிவரை போய் இடிக்கும். குளக்கட்டில் இந்நிலையில் ஓடுவது எத்தகையது என்பதை நாம் விளக்கத் தேவையில்லை. கராஜிற்குப் போனால், "சொக் முடிஞ்சுது அண்ணை, சோடியா மாத்த வேணும்" என்ற பதில் வரக்கூடும். மாற்றத்தான் வேண்டிய சந்தர்ப்பமும் உண்டு. எனினும் காசை எடுக்குமுன் அளவுநாடாவை எடுங்கள் என்பதே எமது வேண்டுகோள்.

என்ஜினுக்குக் கீழே மரக்குற்றியொன்றை வைத்து, பின்சில்லு நிலத்தில் படாதவாறு வண்டியை உயர்த்துங்கள். சில்லின் அச்சிலிருந்து நேர்மேலே மட்காட்டில் ஒரு புள்ளி இட்டு, இடைத்தூரத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். 60 சென்ரிமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். பின்னர் குற்றியை எடுத்துவிட்டு, வழக்கமான சுமையை ஏற்றி, ஓட்டுபவரும் ஏறி அமரட்டும். ஒருவர் ஹாண்டிலைப் பிடிக்க, இன்னொருவர் அதே தூரத்தை மீண்டும் அளக்க வேண்டும். இப்போது 51 என்றால், வண்டி 9 சென்ரிமீற்றர் அமிழ்ந்துள்ளது. பின்சில்லு மேலும் கீழும் அசையக்கூடிய முழுத்தூரம் 18 சென்ரிமீற்றராயின், அதில் பாதி குழியொன்றைக் காணுமுன்னரே செலவாகிவிட்டது! மண்பாதை வண்டிக்கு மூன்றிலொரு பங்கு, அதாவது இங்கு 6 சென்ரிமீற்றர் அமிழ்வதே பொருத்தமானது.

இதனைச் சரிசெய்யும் இடம் சொக்கிலேயே இருக்கின்றது. இரட்டைச் சொக் உள்ள வண்டிகளில் ஸ்பிறிங்கின் ஒரு முனையில் படிபடியாக வெட்டப்பட்ட வளையம் உண்டு. கொளுக்கி ஸ்பனரால் அதைத் திருப்ப, படிக்குப் படி ஸ்பிறிங் இறுகும். இரண்டு பக்கமும் ஒரே படியில் நிற்க வேண்டும். ஒற்றைச் சொக் வண்டிகள் பலவற்றில் புரியுள்ள இரு வளையங்கள் இருக்கும்; பூட்டு வளையத்தைத் தளர்த்தி, மற்றதைத் திருப்பி, மீண்டும் பூட்டிவிட வேண்டும். சேறு பிடித்த புரியை முதலில் கழுவித் துலக்குங்கள், இல்லையேல் அது தின்றுபோகும். (இந்த ஒற்றைச் சொக் முறை பெல்ஜியப் பொறியியலாளர் லூசியன் டில்கென்ஸ் என்பவரின் யோசனை. அதைப் பொருத்திய யமஹா 1973 இல் 250 சிசி மோட்டோகுரொஸ் உலகப் பட்டத்தை வென்றது. பந்தயக்காரருக்குச் செய்தது உரமூடைக்கும் உதவுகின்றது.)

வளையத்தை இறுக்கினால் ஸ்பிறிங் பலமாகிவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். அப்படியல்ல. வண்டி நிற்கும் உயரமே கூடுகின்றது. ஸ்பிறிங்கின் பலம் இருந்தபடியேதான். முழுவதும் இறுக்கிய பின்னரும் மூன்றிலொரு பங்குக்கு மேல் அமிழுமானால், அந்தச் சுமை அந்த ஸ்பிறிங்குக்கு உரியதன்று. மூடையைப் பாதியாக்கி இரு தடவை போவது விழுந்து கை முறிவதை விட மலிவு. மூடையை இயன்றளவு முன்னே தள்ளிப் பதிவாகக் கட்டுங்கள். பின் அச்சுக்கு அப்பால் தொங்கும் ஒவ்வொரு கிலோவும் முன்சில்லை மேலே தூக்கும்.

திரும்பி வரும்போது வளையத்தைப் பழைய படிக்கு இறக்கிவிட வேண்டும். இதைத்தான் எவரும் செய்வதில்லை. வெறும் வண்டியில் ஸ்பிறிங் இறுக்கமாக இருந்தால், அலையலையாய்க் கிடக்கும் கிறவல் வீதியில் பின்சில்லு துள்ளும். பிறேக் பிடித்தால் வழுக்கும்.

ஸ்பிறிங் வேறு, அதனுள்ளே ஒயிலால் அசைவை அடக்கும் குழாய் வேறு. பின்சீற்றை அழுத்தி விட்டுப் பாருங்கள். ஒருமுறை எழும்பி அமர்ந்தால் நன்று. இரண்டு மூன்று தடவை ஆடினாலோ, குழாயில் ஒயில் வடிந்திருந்தாலோ, எந்த இறுக்கலும் பயன்தராது. கராஜ்காரர் சொன்னது அப்போது சரியே. ஒற்றைச் சொக்குகள் பலவற்றினுள் அமுக்கப்பட்ட வாயு இருப்பதால், அவற்றை வெட்டவோ சூடாக்கவோ கூடாது.

முன்போர்க்கின் ஒயிலும் காலப்போக்கில் கெடும். பிறேக் பிடிக்கும்போது முன்பக்கம் வழமைக்கு மாறாகக் குத்தினால் அதை மாற்றிப் பாருங்கள். கியர் ஒயில் ஊற்றுவோரும் உளர். அது தடித்தது, அமிழ்ந்த போர்க் அடுத்த குழிக்கு முன் எழும்பாது. போர்க் ஒயிலையே, கைந்நூல் கூறும் அளவில், இரு கால்களுக்கும் சமமாக விடுங்கள்.

சரியான படிகள் இரண்டையும், மூடையோடு ஒன்று, வெறுமையாக ஒன்று, மட்காட்டின் உட்புறத்தில் பெயின்றால் எழுதி வையுங்கள். வண்டியை இரவல் கேட்டு வருபவருக்கும் அது உதவும்.