கோடு ஏன் இரண்டாகிறது?

1:100 அளவில் வரைந்த கட்டட பிளானில் 9 அங்குலச் சுவரின் தடிமன் 2.3 மில்லிமீட்டர்தான். அதில் ஒரு கோடு அரை மில்லிமீட்டர் விலகி அச்சானால், தரைக்கணக்கில் அது 5 சென்டிமீட்டர். ஏ0 அளவுத் தாளில் பிளான் அடிக்கும் இங்க்ஜெட் பிளாட்டரில் இப்படிக் கோடு பிசகியதும் பலர் உடனே ஹெட்டை மாற்றிவிடுகிறார்கள். விலை கூடிய பாகம் அது. குற்றம் வேறிடத்தில் இருந்தால் அந்தப் பணம் வீண்.

பிளாட்டரில் இரண்டு அசைவுகள் உண்டு. ஹெட்டைச் சுமக்கும் கேரேஜ் இடமும் வலமுமாக ஓடுகிறது. உருளை காகிதத்தைச் சிறிது சிறிதாக முன்னே தள்ளுகிறது. கோளாறு எந்த அசைவைச் சேர்ந்தது என்பதைத் தாளே காட்டிவிடும்.

கேரேஜ் ஓடும் திசையில் வெள்ளைக் கீற்றுகள் தெரிந்தால் நிறத்தைக் கவனியுங்கள். ஒரே நிறத்தில் மட்டும் இருந்தால் ஹெட்டில் அந்த நிறத்து மையைத் தெளிக்கும் நுண்துளைகள், அதாவது நாசில்கள், அடைத்திருக்கலாம். எல்லா நிறங்களிலும் சீரான இடைவெளியில் வந்தால், காகிதம் தேவைக்கு மேல் நகர்கிறது. குறைவாக நகர்ந்தால் கீற்று கருமையாக விழும்.

குறுக்குக் கோடு நேராக இருக்க, நெடுக்குக் கோடு மட்டும் இரட்டையாகவோ பல்பல்லாகவோ வருவது வேறு கதை. வேகத்துக்காக கேரேஜ் போகும்போதும் அச்சிடும், திரும்பும்போதும் அச்சிடும். ஓடும் பேருந்திலிருந்து போட்ட பொருள் நேர்கீழே விழாது அல்லவா? மைத்துளியும் அப்படித்தான், ஓட்டத்தின் திசையில் சற்றுத் தள்ளியே விழும். அதை ஈடுகட்ட இயந்திரம் இரு திசையிலும் துளியைக் கொஞ்சம் முன்கூட்டியே விடுகிறது. அந்தக் கணக்கு பிசகினால் போகும் கோடும் வரும் கோடும் சேராது. தடிமனான காகிதத்துக்கு மாறினாலும் ஹெட்டுக்கும் தாளுக்கும் உள்ள இடைவெளி மாறி, பழைய கணக்கு பொருந்தாமல் போகும். காகித வகை மாறும்போது, இந்தக் கணக்கைச் சரிசெய்யும் அலைன்மென்டை மறுபடி செய்யச் சொல்வது இதனால்தான்.

தாளுக்குத் தாள் ஒரே இடத்தில் கோடு துள்ளினால் என்கோடர் பட்டையைப் பாருங்கள். கேரேஜின் பாதை முழுக்க நீளும் மெல்லிய பிளாஸ்டிக் பட்டை அது. அதிலுள்ள நுண்கோடுகளை எண்ணித்தான் கேரேஜ் தன் இடத்தை அறிகிறது. மையோ தூசியோ படிந்தால் எண்ணிக்கை தவறும். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, நூல் பிரியாத துணியைத் தண்ணீரில் லேசாக நனைத்து மெல்லத் துடைக்க வேண்டும். கரைப்பான் பட்டால் அச்சிட்ட நுண்கோடுகளே அழியக்கூடும்.

அளவைச் சோதிக்க 800 மி.மீ. சதுரம் ஒன்றை அடித்து எஃகு ஸ்கேலால் அளக்கலாம். காகிதம் நகரும் திசையில் மட்டும் நீளம் தவறினால் காகித நகர்வைச் சீரமைக்க வேண்டும். மூலைவிட்டங்கள் இரண்டும் 1131 மி.மீ. இல்லாமல் ஒன்றுக்கொன்று வேறுபட்டால், ரோல் கோணலாக ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். மழைக்காலத்தில் காகிதம் ஈரம் உறிஞ்சி நீளும் என்பதால் அச்சானவுடனே அளப்பது நல்லது.

வரிசையும் முக்கியம். முதலில் நாசில் சோதனை, பிறகு அலைன்மென்ட், கடைசியில் காகித நகர்வு. அடைத்த நாசில்களோடு செய்த அலைன்மென்டை நம்ப முடியாது. மெக்கானிக் வந்தால், பாகத்தை மாற்றுமுன் சோதனைத் தாள் ஒன்றை அடித்துக் காட்டச் சொல்லுங்கள்.