23 பாகையில் குழந்தைக்குக் குளிருமா?

நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று வீசும். அந்த மாதங்களில் ஏதோ ஒரு வாரம் ஜொகூரில் சூரியனே தலைகாட்டாது. மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டே இருக்கும். வீட்டில் யாராவது அலமாரியின் அடித்தட்டில் கைவிட்டுக் கம்பளியைத் தேடுவார்கள். 2018 ஜனவரியில் இப்படித்தான் தீபகற்ப மலேசியா முழுவதும் குளிர்ந்தது. வழக்கமாகப் பகலில் 31, 32 பாகை செல்சியஸ் காட்டும் வெப்பமானி, பல ஊர்களில் 23 பாகையையே தாண்டாமல் நின்றது. "மலேசியாவிலா இருக்கிறோம்?" என்று எல்லாரும் கேட்டுக்கொண்டார்கள்.

இந்தக் குளிரின் பிறப்பிடம் சைபீரியா. குளிர்காலத்தில் அங்கே கனமான குளிர்காற்று குவிந்து உயரழுத்தப் பகுதி உருவாகிறது. அது பெருகும்போது சீனாவைக் கடந்து தென்சீனக் கடல் மீது பாய்ந்து வருகிறது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வெதுவெதுப்பான கடலைத் தாண்டும்போது காற்று சூடேறிவிடும். கூடவே ஏராளமான நீராவியையும் உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே மெர்சிங் கரைக்கு வந்து சேருவது பனிக்காற்று அல்ல, ஈரக்காற்று. அது நாள்கணக்கில் மழையாகக் கொட்டுகிறது, மேகம் வெயிலை மறைக்கிறது. நம்மைக் குளிர்விப்பது சைபீரியாவின் பனியைவிட இந்த மழையும் மேகமும்தான்.

லண்டனில் இருப்பவரிடம் 23 பாகை குளிர் என்று சொன்னால் சிரிப்பார். அதில் நியாயம் உண்டு. உலர்ந்த வீட்டில், உலர்ந்த உடுப்பில், வயிறு நிறைந்து தூங்கும் இரண்டு வயதுத் தம்பிக்கு 23 பாகையால் ஓர் ஆபத்தும் இல்லை. ஆனால் அதே வானிலைதான் வெள்ளத்தையும் கொண்டுவருகிறது. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கி அடுத்தடுத்து இருமுறை மூழ்கியது. ஜொகூரில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் வீட்டைவிட்டு வெளியேறினார்கள். 2023 மார்ச்சில் பத்து பகாட், சிகாமட், குளுவாங் வட்டாரங்களில் 40,000-க்கும் மேற்பட்டோர் நிவாரண மையங்களில் தங்கினார்கள். நள்ளிரவில் படகில் ஏறி, நனைந்த உடுப்போடு பள்ளி மண்டபத்துச் சிமெண்டுத் தரையில் வந்து படுக்கும் குழந்தைக்கு அந்த 23 பாகை வேறு மாதிரி வேலை செய்யும். எப்படி என்று கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

குழந்தை ஏன் சீக்கிரம் குளிர்ந்துபோகிறது?

உடல் வெப்பத்தை உண்டாக்குவது உள்ளிருக்கும் தசைகளும் உறுப்புகளும். வெப்பம் வெளியேறுவது தோல் வழியாக. எனவே ஒரு கிலோ உடலுக்கு எவ்வளவு தோல் இருக்கிறது என்பதுதான் கேள்வி. மருத்துவமனையில் பயன்படும் ஓர் எளிய சூத்திரம் உண்டு: உயரத்தையும் (சென்டிமீட்டர்) எடையையும் (கிலோ) பெருக்கி, 3600-ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் தோலின் பரப்பளவு சதுர மீட்டரில் கிடைக்கும்.

உங்கள் அம்மாவின் உயரம் 165 செ.மீ., எடை 60 கிலோ என்று வைத்துக்கொள்வோம். விடை ஏறத்தாழ 1.66 சதுர மீட்டர். அதாவது ஒரு கிலோவுக்கு 276 சதுர சென்டிமீட்டர் தோல். ஒரு வயதுத் தங்கை 75 செ.மீ., 10 கிலோ. விடை 0.456 சதுர மீட்டர். ஒரு கிலோவுக்கு 456 சதுர சென்டிமீட்டர்! அம்மாவைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல். 3 கிலோ எடையும் 50 செ.மீ. நீளமும் உள்ள பச்சிளங்குழந்தைக்குப் போட்டுப் பாருங்கள், 680 வரும். பெரிய குவளைக் காப்பியைவிடச் சிறு கிண்ணத்துக் காப்பி சீக்கிரம் ஆறிப்போகும் அல்லவா, அதே கதைதான்.

தலையின் பங்கும் பெரிது. பெரியவர்களின் தோலில் தலைக்கு உரியது சுமார் 7 விழுக்காடு. ஒரு வயதுக் குழந்தைக்கோ 17 விழுக்காடு.

பெரியவர்களுக்குக் குளிரினால் உடல் நடுங்கும். அந்த நடுக்கமே தசைகள் வெப்பம் உண்டாக்கும் வேலை. பிறந்த குழந்தைக்கு அப்படி நடுங்கத் தெரியாது. அதற்குப் பதிலாக இயற்கை அதன் தோள்பட்டைகளுக்கு நடுவிலும் கழுத்திலும் சிறுநீரகங்களைச் சுற்றியும் 'பழுப்புக் கொழுப்பு' என்ற ஒன்றை வைத்து அனுப்புகிறது. சாதாரண வெள்ளைக் கொழுப்பு ஒரு சேமிப்புக் கிடங்கு. பழுப்புக் கொழுப்போ ஓர் அடுப்பு. அதன் உயிரணுக்களில் மைட்டோகாண்ட்ரியா நிறைந்திருக்கிறது. அதிலுள்ள இரும்புதான் அந்தப் பழுப்பு நிறத்தைத் தருகிறது. மற்ற உயிரணுக்களில் உணவை எரித்து ஏடிபி என்ற சக்தி நாணயத்தைத் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா, இங்கே ஒரு தனிப் புரதத்தின் உதவியால் அந்தச் சக்தியை நேராக வெப்பமாக விட்டுவிடுகிறது. வயது ஏற ஏற இந்தக் கொழுப்பு குறையும். பெரியவர்களிடம் இது அறவே இல்லை என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். நம்மிடமும் கொஞ்சம் மிச்சம் இருந்து வேலை செய்கிறது என்று 2009-இல்தான் உறுதியானது.

இந்த அடுப்புக்கும் விறகு வேண்டும். பசியோடு தூங்கும் குழந்தை சீக்கிரம் குளிர்ந்துபோகும். குளிர் இரவில் பாலைத் தவறவிடக் கூடாது என்று பாட்டிமார் சொல்வது வெறும் பாசத்தால் மட்டும் அல்ல.

ஒரு மேசைக்கரண்டித் தண்ணீர்

இரண்டாம் படிவ அறிவியலில் வெப்பம் மூன்று வழிகளில் கடந்து போகும் என்று படிக்கிறீர்கள்: கடத்தல், சலனம், கதிர்வீச்சு. குழந்தையின் இரவுக்கு நான்காவது வழி ஒன்றும் மிக முக்கியம். அது ஆவியாதல்.

தோலின் மீதுள்ள ஒரு கிராம் நீர் ஆவியாகச் சுமார் 2,400 ஜூல் வெப்பம் தேவை. ஒரு மேசைக்கரண்டித் தண்ணீர் 15 கிராம். அது முழுதும் ஆவியாக 36,000 ஜூல் வேண்டும். இனி மறுபக்கம்: 10 கிலோ குழந்தையின் உடல் வெப்பநிலை ஒரு பாகை இறங்க, அது இழக்க வேண்டிய வெப்பம் ஏறத்தாழ 35,000 ஜூல். இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நனைந்த சட்டையிலிருந்து ஒரே ஒரு மேசைக்கரண்டித் தண்ணீர், குழந்தையின் வெப்பத்தை மட்டும் எடுத்துக்கொண்டு காய்ந்தால், உடலை ஒரு பாகை குளிரச் செய்யும் அளவு வெப்பம் போய்விடும்.

உண்மையில் அப்படியே நடப்பதில்லை. வெப்பத்தில் ஒரு பகுதி சுற்றியுள்ள காற்றிலிருந்து வரும். குழந்தையின் உடலும் சும்மா இருக்காது. தூங்கும்போதும் சுமார் 25 வாட் அளவுக்கு வெப்பம் உண்டாக்கிக்கொண்டே இருக்கும். ஆனால் 36,000 ஜூலை ஈடுகட்ட அந்த 25 வாட் அடுப்பு 24 நிமிடம் எரிய வேண்டும். முழுக்க நனைந்த உடுப்பில் இருப்பது ஒரு கரண்டித் தண்ணீரா, ஒரு குவளையா?

ஈரத்துணி இன்னொரு கெடுதலும் செய்கிறது. துணி நம்மைச் சூடாக வைப்பதற்குக் காரணம் நூல் அல்ல, நூல்களுக்கு நடுவே சிக்கிய காற்று. நனைந்தால் காற்று இருந்த இடத்தில் தண்ணீர் குடியேறுகிறது. தண்ணீர் காற்றைவிட 20 மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்தும். ஆகவே ஈரச் சட்டையின் மேல் நல்ல கம்பளியைச் சுற்றுவதைவிட, ஈரத்தைக் கழற்றித் துடைத்துவிட்டு ஒரு பழைய உலர்ந்த கைலியைச் சுற்றுவது மேல். நிரம்பிய பேம்பர்ஸும் இதே கணக்கில் சேரும்.

அடுத்த எதிரி சிமெண்டுத் தரை. சிமெண்டு, காற்றைவிட பல மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். மெல்லிய பாய் மட்டும் போதாது. மண்டபத்தில் உதவிப் பொருள்கள் வந்த அட்டைப்பெட்டிகளைப் பிரித்து, இரண்டு மூன்று அடுக்காகப் பாயின் கீழே விரித்தால் போதும். அட்டையின் நெளிகளுக்குள் அடைபட்ட காற்று தடுப்பாக நிற்கும். இப்போது பல மையங்களில் குடும்பத்துக்கு ஒரு கூடாரம் தருகிறார்கள். கூடாரமும் உள்ளிருப்பவர்களின் சூட்டில் வெதுவெதுப்பான காற்றைப் பிடித்துவைக்கும்.

உலர்ந்த துணியே கிடைக்கவில்லை என்றால்? குழந்தையை உங்கள் வெற்று மார்போடு அணைத்து, இருவரையும் சேர்த்துப் போர்த்திக்கொள்ள வேண்டும். இது ஏதோ அவசரத்துக்கான வழி மட்டும் அன்று. கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 1970-களின் இறுதியில் இன்குபேட்டர்கள் போதாமல் போனபோது, மருத்துவர் எட்கர் ரே குறைமாதக் குழந்தைகளைத் தாயின் மார்போடு ஒட்டவைத்துக் காப்பாற்றும் முறையைத் தொடங்கினார். 'கங்காரு பராமரிப்பு' என்ற பெயரில் இன்று உலகம் முழுவதும் மருத்துவமனைகளில் நடக்கிறது. மனித உடல் நல்ல வெப்பமூட்டி. 37 பாகைக்கு மேல் போகாது, மின்சாரமும் வேண்டாம். ஆனால் அணைத்திருப்பவர் விழித்திருக்க வேண்டும். களைத்துப் போனால் குழந்தையை இன்னொருவர் கையில் மாற்றிவிட வேண்டும்.

கம்பளியில் ஒளிந்திருக்கும் ஆபத்து

ஆரம்பத்தில் சொன்ன அலமாரிக்கு மறுபடியும் வருவோம். ஆண்டுக்கு ஒருமுறை வெளியே வரும் கம்பளியோடு என்ன இருக்கும்? வெள்ளை வெளேரென்று பாச்சை உருண்டை. பலவற்றில் இருப்பது நாப்தலீன். திடப்பொருளாக இருந்து, திரவமாகாமலேயே வாயுவாக மாறும். பதங்கமாதல் என்று படித்திருப்பீர்கள். அந்த வாயு துணியில் ஏறி உட்கார்ந்துவிடும். கம்பளியின் வாசனை என்று நாம் நினைப்பது அதுதான்.

மலேசியாவில் பிறக்கும் குழந்தைகளின் தொப்புள்கொடி இரத்தத்தில் ஒரு சோதனை செய்வார்கள். ஜி6பிடி என்ற நொதி போதுமான அளவு இருக்கிறதா என்று பார்ப்பதற்கு. சிவப்பணுக்களை இரசாயனச் சேதத்திலிருந்து காப்பது இந்த நொதி. இதற்கான மரபணு எக்ஸ் நிறப்புரியில் இருப்பதால் குறைபாடு ஆண் குழந்தைகளிடம் அதிகம். இந்தக் குறைபாடுள்ள குழந்தை நாப்தலீன் ஏறிய துணியில் தூங்கினால், மூச்சின் வழியாகவும் தோலின் வழியாகவும் அது உடலுக்குள் போய்ச் சிவப்பணுக்களை உடைக்கத் தொடங்கும். எண்ணெய் தேய்த்த உடம்பில் இன்னும் எளிதாக ஊடுருவும். குழந்தை வெளுத்துப்போகும், கண் மஞ்சளாகும், சிறுநீர் தேநீர் நிறத்தில் போகும். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். உங்கள் வீட்டுச் சின்னவனுக்கு ஜி6பிடி எப்படி என்று அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். எந்தக் குழந்தையாக இருந்தாலும் பாச்சை உருண்டை வாசம் வீசும் துணி வேண்டாம். மழை வாரம் தொடங்கும் முன்பே துவைத்து வெயிலில் காயப் போட்டு வைக்கலாமே.

தைலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மார்பில் தைலம் தேய்த்தால் குழந்தைக்குச் சூடு ஏறாது. அதிலுள்ள பொருள்கள் தோலின் உணர்வு நரம்புகளைத் தூண்டிச் சூடு போலவோ குளிர்ச்சி போலவோ தோன்றச் செய்கின்றன, அவ்வளவுதான். அதில் கற்பூரம் இருந்து குழந்தை நக்கிவிட்டால் வலிப்பு வரைக்கும் போகலாம். கரிச்சட்டியை மூடிய அறைக்குள் வைப்பதோ, ஜெனரேட்டரை வீட்டுக்குள் ஓட்டுவதோ அதைவிட மோசம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குபவர்களுக்குத் தெரியவே தெரியாது.

அதிகம் போர்த்தினாலும் தவறு

சாதாரண நாள்களில் நம் வீடுகளில் நடப்பது இதற்கு நேர் எதிர். ஜொகூர்க் குழந்தைகளின் மிகக் குளிரான இரவைச் சைபீரியா அனுப்புவதில்லை. ஏர்கோனை 18-இல் வைக்கும் அண்ணன்தான் அனுப்புகிறார். பிறகு குளிருகிறது என்று குழந்தையைக் கழுத்துவரை மூட்டையாகக் கட்டுவார்கள். ஏர்கோனை 25-க்கு ஏற்றி, காற்றாடி நேரே மேலே வீசாமல் திருப்பிவைத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

ஒரு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தையின் படுக்கையில் தளர்ந்த போர்வை, தலையணை எதுவும் வேண்டாம். முகத்தை மூடினால் விலக்கிக்கொள்ள அதற்குத் தெரியாது. மல்லாக்கப் படுக்க வைத்து, வெப்பத்துக்கு உடுப்பையே நம்புங்கள். படுக்கையில் தொப்பியும் வேண்டாம். வெப்பம் அதிகமானால் வெளியேறும் வாசலும் அந்தப் பெரிய தலைதான். இரண்டு வயதுக்காரன் எப்படியும் போர்வையை உதைத்துத் தள்ளிவிடுவான். அவனுக்கும் நீளக்கைச் சட்டை, நீளக் காற்சட்டை, காலுறை ஆகியவையே மேல். நீங்கள் போட்டிருப்பதைவிட ஓர் அடுக்கு கூடுதலாக இருந்தால் போதும். தடித்த ஒரே உடுப்பைவிட மெல்லிய இரண்டு நல்லது. நடுவில் காற்று அடைபடும், வேர்த்தால் ஒன்றைக் கழற்றலாம்.

குளிருகிறதா என்று பார்க்கக் கையையும் காலையும் தொடாதீர்கள். குளிரில் உடல் உள்ளுறுப்புகளுக்கு வெப்பத்தைச் சேமிக்கக் கைகால்களின் இரத்தக் குழாய்களைச் சுருக்கும். அதனால் நலமான குழந்தையின் விரல்கூடச் சில்லென்று இருக்கும். பிடரியிலோ மார்பிலோ கை வையுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் சரி. வேர்த்திருந்தால் ஓர் அடுக்கைக் குறையுங்கள். காய்ச்சல் ஏறும்போதும் கை சில்லிட்டு உடம்பு நடுங்கும். அப்போது மேலும் மேலும் போர்த்தினால் காய்ச்சல் கூடும். வெப்பமானி வைத்துப் பார்த்துவிடுங்கள். மார்பே சில்லிட்டு, குழந்தை துவண்டு, அழுகை மெலிந்து, பால் குடிக்க மறுத்தால், அல்லது வெப்பமானி 35 பாகைக்குக் கீழ் காட்டினால், 999-ஐ அழைக்க வேண்டும். உதவி வரும்வரை மார்போடு அணைத்திருங்கள். சுடுநீர்ப் போத்தலை உடம்பில் வைக்காதீர்கள், மென்தோல் வெந்துவிடும்.

மேசைக்கரண்டிக் கணக்கை நம்ப மனமில்லையா? ஒரே அளவான மூன்று போத்தல்களில் 40 பாகை வெந்நீர் நிரப்புங்கள். ஒன்றை அப்படியே விடுங்கள். இரண்டாவதை உலர்ந்த துவாலையாலும், மூன்றாவதை அதே வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துவாலையாலும் சுற்றுங்கள். மூன்றையும் காற்றாடியின் முன் வைத்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையைக் குறித்து வரைபடம் வரையுங்கள். எது முதலில் 30 பாகைக்கு வருகிறது, துணியே இல்லாத போத்தலா, ஈரத்துவாலை சுற்றியதா என்று பாருங்கள்.